இடது தோள்

குழந்தை உட்கார்ந்திருக்கிறது, இப்போதைக்கு அது போதும் என்று மயக்க டாக்டர் அங்கயற்கண்ணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு இருந்த கோபத்துக்கு எதுவுமே போதாது. காலை ஒன்பதே முக்கால். ஆபரேஷன் தியேட்டரின் நடுவில் இருக்க வேண்டிய மேசையைச் சுவரோரம் ஒதுக்கியாயிற்று. நர்சுகள் சாப்பிடும் அறையிலிருந்து ஒரு கைவைத்த நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, அதில் மாரிச்செல்வியை உட்கார வைத்து, அவள் மடியில் அவளைப் பார்த்தபடி மகள் பேச்சியம்மாளை உட்கார வைத்தாயிற்று. ஆறு வயது. பேச்சி என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். தாயின் இடது தோளில் தலையைச் சாய்த்து, முகத்தைத் தாயின் கழுத்துப் பக்கம் புதைத்துக்கொண்டிருக்கிறாள். வலது கழுத்தெலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அது வெளியே தெரிவது. தெரியாதது உள்ளே, நெஞ்செலும்புக்குப் பின்னால், மூச்சுக்குழாயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேனில் அந்த இடத்தில் மூச்சுக்குழாய் ஒரு கீறலாகத்தான் தெரிந்தது. கழுத்துக் கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினால் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். தெரிந்தால் மருந்து ஆரம்பிக்கலாம். இந்த வயதில் வருவது பெரும்பாலும் மருந்துக்குக் கரைகிற வகைதான். சுண்டுவிரல் நக அளவு ஒரு துண்டு, அவ்வளவுதான் வேண்டும். அந்த நக அளவுக்காக இவளை மல்லாக்கப் படுக்க வைத்து, முழு மயக்கம் கொடுத்து, தசைகளை எல்லாம் தளர்த்திவிட்டுத் தொண்டையில் குழாய் போடச் சொன்னார்கள். உட்கார்ந்திருக்கும்போது இவளுடைய தசைகள்தான் அந்தக் கட்டியைக் கொஞ்சமாவது தூக்கிப் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் மொத்தமும் மூச்சுக்குழாய் மேல் உட்காரும். போட்ட குழாய் கட்டிக்கு மேலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே காற்று போகாது. இதை இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது.

"பத்து நிமிஷ கேஸ் மேடம்," என்றார் பூதலிங்கம் காலையில். சர்ஜரி சீஃப். கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நீங்க டியூபைப் போடுங்க, நான் எடுத்துக் குடுத்துருதேன், பத்து நிமிஷத்துல பிள்ளை வார்டுக்குப் போயிரும்." பத்து நிமிஷம். இந்த மனுஷர் எதற்கெடுத்தாலும் சொல்கிற கணக்கு. அவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது, நாலு வருஷமாக. "சார், குழந்தை படுக்காது. மரப்பு ஊசி போட்டு, உட்கார வச்சே எடுங்க. காலில் ஊசி குத்தி லேசா ஒரு மருந்து தர்றேன். மூச்சு அவளோடதாவே இருக்கட்டும்." அவர் சிரித்தார். தியேட்டருக்குள் தாயைக் கூட்டிவருவதாம், மடியில் வைத்து அறுப்பதாம், முடிவெட்டுகிற கடையா இது என்றார். சிஸ்டர் எஸ்தர் வேறு, சுத்தம் என்னாகிறது மேடம், வெளி ஆள் உள்ளே வந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்று முனகினாள். வெளி ஆளாம். ஆறு வருஷமாக அந்தப் பிள்ளையின் மூச்சைக் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறவள் வெளி ஆள், நேற்று சாயங்காலம் பெயரைக் கேள்விப்பட்ட நாமெல்லாம் உள் ஆட்கள். "அப்ப நான் மயக்கம் குடுக்க மாட்டேன் சார். எழுதியே தர்றேன்," என்று சொன்னபோது அங்கயற்கண்ணியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவர் தண்ணீர்க் குழாயை முழங்கையால் மூடிவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மயக்க டாக்டர் இல்லாமல் கத்தி எடுக்க முடியாது. அந்த ஒரு இடத்தில்தான் இந்த ஆட்கள் அடங்குவார்கள். சரி, உங்க இஷ்டம், ஏதாவது ஆச்சுன்னா உங்க பொறுப்பு என்றார். என்றைக்கு உங்கள் பொறுப்பாக இருந்தது என்று கேட்க நினைத்தாள். காது மூக்குத் தொண்டை டாக்டரை, கட்டியைத் தாண்டிப் போகக்கூடிய நீளக் குழாயோடு வந்து பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, பேச்சியின் வலது காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நரம்பு தேடினாள். கையில் குத்தக்கூடாது. நெஞ்சுக்கு இரத்தம் திரும்புகிற பாதையையும் அந்தக் கட்டி நெரிக்கிறது, கையில் போடுகிற மருந்து வழியிலேயே தேங்கிவிடும். பாதத்தில் கொலுசு கழற்றின தடம் வெளுப்பாக இருந்தது. ஊசி குத்தியபோது பேச்சி காலை இழுக்கவில்லை. அழவும் இல்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

மருந்தை மெள்ள, மிக மெள்ளத் தள்ளினாள். கண் திறந்தபடியே பிள்ளைகள் எங்கோ போய்விடுகிற மருந்து. பேச்சியின் விழிகள் பக்கவாட்டில் ஆடின, பிறகு நின்றன. முதுகு ஏறி இறங்குகிறது. ஏறும்போது உள்ளே ஒரு கிர்ர். அந்தச் சத்தத்தை அங்கயற்கண்ணி நேற்று வார்டுக்குள் நுழையும்போதே கேட்டாள். நாற்பது கட்டில், பாதிக்கு மேல் அழுகை, ஒரு பக்கம் யாருடைய செல்போனிலோ பாட்டு. அதற்குள்ளும் கேட்டது. ஆனால் கேஸ் ஷீட்டில் அது இல்லை. முந்தின நாளே பார்த்து, மயக்கம் கொடுக்கலாம் என்று ஃபிட்னஸ் எழுதிவிட்டுப் போயிருந்தான் ஞானதுரை. அவளோடு சேர்ந்து பத்து வருஷமாக மயக்கம் கொடுக்கிறவன், நாற்பத்திரண்டு வயது, கெட்டவன் இல்லை, அதுதான் எரிச்சல். 'நேராகப் படுக்கிறாள், சிரமமில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே கையெழுத்து. எல்லா ஷீட்டிலும் அந்த வரி இருக்கும், சாமி படத்துக்குப் பொட்டு வைக்கிற மாதிரி போகிற போக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று எழுதியிருப்பான். படுக்க வைத்துப் பார்த்திருக்க மாட்டான், யாரையும் கேட்டிருக்கவும் மாட்டான். ஸ்கேன் எடுத்தவன் இன்னும் ஒரு படி மேலே. ரிப்போர்ட்டின் அடியில் 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தான். ஒத்துழைக்கவில்லையாம். மல்லாக்கப் படுக்க வைத்தவர்களோடு ஒத்துழைக்கவில்லை, தன் மூச்சோடு ஒத்துழைத்திருக்கிறாள், வேறென்ன செய்வாள். அங்கயற்கண்ணி ஷீட்டை மூடிவிட்டுத் தாயிடம் கேட்டாள்: "பாப்பா ராத்திரி எப்படிம்மா தூங்குவா?" மாரிச்செல்வி முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள் மாதிரி படபடவென்று சொன்னாள். "படுக்கவே மாட்டா மேடம். மூணு வாரமா எந்தோளுலதான் ஒறங்குதா. எடது தோளுதான் வேணும் அவளுக்கு, வலது தோளுல போட்டா முழிச்சிருதா. மல்லாத்தினம்னா முழி பிதுங்கிருது, ஒதடு கருத்துருது. நான் செவுத்துல சாஞ்சிக்கிட்டு அவளத் தோளுல போட்டுக்கிட்டே பீடியும் சுத்துதேன்." இவ்வளவுதான். ஒரு கேள்வி, அரை நிமிஷம். அதற்குப் பத்து நிமிஷம்கூட வேண்டாம். அந்த அரை நிமிஷத்தை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க, இவளைக் காட்டிய நாலு இடத்தில் ஒரு டாக்டருக்கும் முடியவில்லை, அவள் துறையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கும் முடியவில்லை.

முதுகு ஏறி இறங்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு என்கிறது மானிட்டர். பூதலிங்கம் குனிந்து மரப்பு ஊசி போடுகிறார், குனிவது அவருக்குப் பழக்கமில்லை, பெருமூச்சு விடுகிறார். விடட்டும். மாரிச்செல்வி பச்சை கவுனுக்குள் அசையாமல் உட்கார்ந்து, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், பேச்சியம்மனைக் கூப்பிடுகிறாளா மகளைக் கூப்பிடுகிறாளா தெரியவில்லை. அங்கயற்கண்ணி பக்கத்தில் நின்று, ஆக்சிஜன் முகமூடியைக் குழந்தையின் மூக்கருகே பிடித்திருந்தாள். மறு கையில், அழுத்தினால் காற்றை உள்ளே தள்ளுகிற ரப்பர் பை இருந்தது. அந்தக் கறுப்புப் பையைத் தொட்டால் ரெமிஜியுஸ் வந்துவிடுவான். எட்டு வயது, கடற்கரை ஊர், இதே நெஞ்சுக் கட்டி, இதே பத்து நிமிஷம். அவன் ஷீட்டிலும் இதே வரி. 'நேராகப் படுக்கிறான், சிரமமில்லை.' குண்டு குண்டான எழுத்தில், நீல மையில். அந்த வரியை நம்பித்தானே படுக்க வைத்தோம். குழாய் சரியாகத்தான் போனது. ஆனால் பையை அழுத்தினால் அழுந்தவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். சுவரை அழுத்துகிற மாதிரி இருந்தது. டியூபை மாற்று, இன்னும் கீழே தள்ளு, மருந்து கொடு, நெஞ்சை அழுத்து என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மல்லாந்தபடியே கிடந்தான், ஒருவருக்கும் அவனைத் திருப்பிப் போடத் தோன்றவில்லை. ஒரு மணி நேரம். பிறகு வராந்தாவில் அவன் அம்மா பிரகாசி தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம்தான் சீஃப் பேசினார், முன்னமே சொன்னோமே, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்துதான் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டீர்களே என்று. அந்த ஆளும் தலையாட்டினார், தான் போட்ட கையெழுத்தால்தான் பிள்ளை போனது என்பது போல. அந்தக் காகிதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. செத்த பிறகு காட்டுவதற்கென்றே உயிரோடிருக்கும்போது வாங்குகிற கையெழுத்து. பிரகாசி அழவில்லை, சத்தம் போடவில்லை. அங்கயற்கண்ணியின் முகத்தைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "எம்புள்ள எப்படி ஒறங்குவான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" கேட்டுவிட்டு, எப்படி உறங்குவான் என்றும் சொன்னாள். அது வேண்டாம். அதை இப்போது நினைக்கக் கூடாது. தொண்ணூற்றாறு. முதுகு ஏறி இறங்குகிறது.

நாலு வருஷமாக இந்த மருத்துவமனையில் எல்லோரும் மயக்க டாக்டருக்குக் கோபம் ஜாஸ்தி என்கிறார்கள். இருக்கட்டும். கோபம் இருந்தால் தூக்கம் வராது, தூக்கம் வராதவள் நேற்று, ஞானதுரை பார்த்துவிட்ட பிள்ளையைத் தானும் பார்க்க வார்டுக்குப் போனாள், போனதால்தான் இந்தப் பிள்ளை இப்போது உட்கார்ந்திருக்கிறது. இது முடியட்டும். ஞானதுரையைக் கூப்பிட்டு வைத்து, எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். எத்தனையாவது கட்டிலில் நின்று எழுதினாய், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாயா, உன் மகளாக இருந்தால் கால்மாட்டில் நின்று எழுதியிருப்பாயா. ஒவ்வொரு வாக்கியமாக அடுக்கிவைத்துக்கொண்டிருந்தாள், எதை முதலில் சொன்னால் அதிகம் வலிக்கும் என்று கூடப் பார்த்து. உன் மகள் பெயர் என்ன, ஷாரன், ஷாரன் எப்படித் தூங்குவாள் என்று தெரியுமா உனக்கு. அது நன்றாக இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்க வேண்டும். அப்போதுதான் பூதலிங்கம், "எனக்கு ஒண்ணுமே தெரியல, இதக் கொஞ்சம் சாய்ச்சுக்கிடுதேன்," என்று சொன்னார். சொல்லிக்கொண்டே இடது கையைக் குழந்தையின் தோளுக்கும் தாயின் நெஞ்சுக்கும் நடுவில் விட்டுப் பின்னால் தள்ளினார். கேட்டுவிட்டுத் தள்ளவில்லை. கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளினார். பேச்சியின் தலை பின்னால் சரிந்தது. கிர்ர் என்ற சத்தம் நீண்டு, மெலிந்து, நின்றது. நெஞ்சுக்குழி உள்ளே போகிறது, வயிறு மேலே வருகிறது, காற்று இல்லை. மானிட்டரின் கூவல் படிப்படியாகக் கீழே இறங்கியது. தொண்ணூற்றொன்று. எண்பத்து நாலு. "டியூப் குடுங்க, டியூப்," என்று யாரோ சொன்னார்கள், சிஸ்டர் எஸ்தரின் கையில் குழாய் தயாராக இருந்தது, நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்தது போலவே. எழுபத்தாறு. உதடு கருத்தது.

"கையை எடுங்க," என்றாள் அங்கயற்கண்ணி. அவர் எடுக்கவில்லை, எடுக்க மறந்து நின்றார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எறிந்தாள். சீஃபின் கையை, உறை போட்ட கையை, பத்து வருஷமாக வணக்கம் சார் வணக்கம் சார் என்று ஒதுங்கி வழிவிட்ட கையை. "மாரிச்செல்வி, தூங்க வைக்கிற மாதிரி பிடிங்க. வீட்டுல பிடிக்கிற மாதிரி." தாய் பிள்ளையை வாரி நெஞ்சோடு சேர்த்து, முன்னால் குனிந்து, தலையை இடது தோளில் ஏற்றி, தாடையைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, முதுகில் தட்டினாள். அந்தத் தாடையை இழுத்துவிடுகிற வித்தையை அங்கயற்கண்ணி மூன்று வருஷம் படித்துக் கற்றுக்கொண்டாள், இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது. எழுபத்து நாலு. எழுபத்து நாலிலேயே நிற்கிறது. அங்கயற்கண்ணி குழந்தையின் முதுகில் கையை வைத்தாள், கண்ணால் பார்ப்பதை நம்பாமல். ஏறு. ஏறு தாயே. நீ ஏறாவிட்டால் நான் இந்தக் கட்டடத்தைக் கொளுத்திவிடுவேன். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ அசைந்தது. கிர்ர். அவ்வளவு அசிங்கமான சத்தம், அதைவிட நல்ல சத்தத்தை அவள் கேட்டதில்லை. எண்பது. எண்பத்தேழு. கூவல் படியேறி வந்தது. தொண்ணூற்றைந்து ஆன பிறகுதான் மற்றவர்களும் மூச்சு விட்டது கேட்டது. பூதலிங்கம் கையுறையை மாற்றிக்கொண்டு வந்தார். மேசைக்கு ஏறுகிற சிறு படி ஒன்றை இழுத்துப் போடச் சொல்லி, அதில் முழங்காலை ஊன்றி, பிள்ளை இருந்த உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டார். அப்படி மண்டியிட்டு எடுத்தபோது எட்டு நிமிஷத்தில் துண்டு கிடைத்துவிட்டது. தையலும் போட்டாயிற்று. சிஸ்டர் எஸ்தர் துண்டைப் புட்டியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கயற்கண்ணி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், கையைக் குழந்தையின் முதுகிலிருந்து எடுக்காமல். கேஸ் ஷீட் சுவரோர மேசையில் திறந்து கிடந்தது, ஞானதுரையின் வரி தெரிந்தது. கிறுக்கலான, அவசரமான எழுத்து. கோபம் திரும்பி வந்தது, வரட்டும் என்று விட்டாள், வாக்கியங்களைத் திரும்பவும் அடுக்கினாள். எத்தனையாவது கட்டிலில் நின்று எழுதினாய். பதினோராவது. பதினோராவது என்று யார் சொன்னது. அன்றைக்குப் பதினோராவது கட்டில் அது, சாயங்காலம் ஐந்தரை, மகளுக்குப் பரீட்சை, வீட்டுக்குப் போக வேண்டும். ரெமிஜியுஸ் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜன்னல் கம்பி வழியாகக் காக்காய்க்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தான். டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கிற பிள்ளைக்கு என்ன சிரமம் இருக்கப் போகிறது. அவன் அம்மா குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை. கால்மாட்டில் நின்று, பேனாவை எடுத்து, குண்டு குண்டாக, மதுரை கான்வென்டில் மதர் அடித்து அடித்துப் பழக்கின எழுத்தில். அவளுடைய எழுத்து. அவள் எழுதிய வரி அது. விசாரணையில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. அப்பாவின் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள், இருந்தது, மூடிவிட்டார்கள். சீஃப் மேல் பழி என்று ஊரே நினைத்தது, அவளும் நினைத்துக்கொண்டாள், நாலு வருஷம் அந்த மனுஷரை வெறுத்துப் பத்திரமாக இருந்தாள். வெறுப்பு பொய்யில்லை, அவர் வெறுக்கத் தகுந்தவர்தான். ஆனால் வரி அவளுடையது.

கதவைத் திறந்துகொண்டு ஞானதுரை எட்டிப் பார்த்தான். "முடிஞ்சுதா மேடம்? நல்லபடியா?" என்றான், பக்கத்துத் தியேட்டரில் கேஸை முடித்துவிட்டு வந்தவன், ஒன்றும் தெரியாதவன். அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். ஏழெட்டு வாக்கியம் வரிசையில் நின்றது. அதற்குள் மாரிச்செல்வி திரும்பிப் பார்க்காமல், குழந்தையைத் தட்டிக்கொண்டே, பேசினாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா. நாலு எடத்துல காட்டிட்டோம். எவ்வளவோ கேட்டாவ. காய்ச்ச இருக்கா, எட கொறஞ்சுதா, குடும்பத்துல யாருக்கும் உண்டுமான்னு. எப்படி ஒறங்குதான்னு ஒருத்தரும் கேக்கல. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

படித்தேன் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அவளும் படித்திருந்தாள், ரெமிஜியுஸ் வருவதற்கு முன்பே படித்திருந்தாள். வாசலில் ஞானதுரை நின்றுகொண்டிருந்தான். பூதலிங்கம் மூலையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு பையன் வந்தான்மா," என்றாள் அங்கயற்கண்ணி. "அவன் அம்மாகிட்ட நான் இதைக் கேக்கலை. கேட்ட மாதிரி எழுதிட்டேன்."

பூதலிங்கத்தின் பேனா நின்றது. ஞானதுரை கதவை விட்டுவிட்டான், அது தானாக மூடிக்கொண்டது, அவன் உள்ளே நின்றான். மாரிச்செல்வியின் தட்டுகிற கையும் நின்றது. அந்தப் பையன் பிழைத்தானா என்று அவள் கேட்கவில்லை. மகளின் காதுக்கு எட்டாத குரலில், வேறொன்று கேட்டாள்.

"அந்தப் பிள்ள எப்படி ஒறங்குவானாம்?"

"குப்புற," என்றாள் அங்கயற்கண்ணி. "குப்புறப் படுத்தா நல்லா தூங்குவானாம். அப்புறம்தான் சொன்னாங்க."

மாரிச்செல்வி மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அங்கயற்கண்ணியின் கை இன்னமும் பேச்சியின் முதுகில்தான் இருந்தது, தட்டுகிற கை ஒவ்வொரு தடவையும் அதன் மேல் பட்டுப் பட்டுப் போனது. கையை எடுங்க என்று அவள் சொல்லுவாள் என்று அங்கயற்கண்ணி காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.